முப்பத்தொரு மைல்: கேப்டன் ஓட்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

துருவப் பயணக் கதைகள் படித்தவர்களுக்கு அந்த வாக்கியம் தெரிந்திருக்கும். 1912 மார்ச் நடுவில், அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டின் மேல், பனிப்புயலுக்கு நடுவே, தென்துருவம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குழுவின் சிறு கூடாரம். உள்ளே நான்கு பேர். அவர்களில் ஒருவர் எழுந்து, "சற்று வெளியே போய்வருகிறேன், கொஞ்ச நேரம் ஆகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. போனவர் லாரன்ஸ் எட்வர்ட் கிரேஸ் ஓட்ஸ், பிரிட்டிஷ் குதிரைப்படையின் ஆறாம் இன்னிஸ்கில்லிங் டிராகூன்ஸ் பிரிவின் கேப்டன்.

(பெயரைக் கேட்டதும் நமக்குக் கஞ்சிதான் ஞாபகம் வரும். ஆங்கிலத்திலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். குதிரைக்குத் தீனி போடுபவரின் பெயரே தீனியாக அமைந்துபோனதைக் கூட வந்த கடற்படைக்காரர்கள் சும்மா விட்டிருப்பார்களா!)

இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலோர் கூடாரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தியாகம் என்று தலைப்பிட்டால் அதற்கு மேல் கேள்வி எழாது. நான் பதின்மூன்று மாதம் முன்னால் போகிறேன், 1911 பிப்ரவரி 17-க்கு. அன்று குதிரை தெரிந்த ஒருவர் குதிரையைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். குதிரை தெரியாத பயணத் தலைவர் ராபர்ட் ஸ்காட் அதை ஏற்கவில்லை. கூடாரத்தில் நடந்ததன் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆள் யார்

1880 மார்ச் 17, லண்டன் புட்னியில் பிறப்பு. வசதியான குடும்பம், எசெக்ஸில் கெஸ்டிங்தார்ப் ஹால் என்ற பெரிய வீடு. ஈட்டன் பள்ளியில் சேர்த்தார்கள். உடல்நலம் இடம் கொடுக்காததால் இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. படிப்பு ஏறவில்லை, குதிரையேற்றம் ஏறியது. பதினாறு வயதில் தந்தை போய்விட்டார். அதன்பின் அம்மா கரோலைன்தான் எல்லாம். பிற்காலத்தில் மனதில் இருந்ததை அவர் மறைக்காமல் எழுதியதும் அம்மாவுக்கு மட்டும்தான்.

1900-ல் குதிரைப்படை அதிகாரியானார். அடுத்த வருடமே தென்னாப்பிரிக்காவில் போயர் போர்க்களம் (போயர்கள் அங்கே குடியேறிய டச்சு வழியினர்). 1901 மார்ச் 6, கேப் காலனியில் அபர்டீன் என்ற ஊருக்கு அருகே சிறு ரோந்துக் குழுவோடு போனவரை போயர்கள் சுற்றி வளைத்தார்கள். சரணடையச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். "சண்டை போட வந்தோம், சரணடைய அல்ல" என்பது பதில். ஒரு தோட்டா இடது தொடையெலும்பை நொறுக்கியது. ஆட்களைப் பின்வாங்கவைத்து, உதவி வரும்வரை மணிக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தார். இருபத்தொரு வயது நிறைய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"சரணடையா ஓட்ஸ்" என்று படைக்குள் பெயர் நின்றுவிட்டது. பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸுக்குப் பரிந்துரை போனதாகச் சொல்வார்கள், கிடைக்கவில்லை. கிடைத்தது கூடிய எலும்பும், வலதுகாலைவிட ஓரங்குலம் குறைந்த இடதுகாலும்.

அயர்லாந்து, எகிப்து, பிறகு இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து மஹூ பாளையம். போர் இல்லாத பாளையத்தில் வேட்டைநாய் வளர்த்து, குதிரைப் பந்தயம் ஓடி, சலித்துப்போயிருந்த நேரத்தில் ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்கு ஆள் எடுப்பது தெரியவந்தது. விண்ணப்பித்தார். பயண நிதிக்கு ஆயிரம் பவுண்டு தன் பணத்தையும் கொடுத்தார். கடற்படைக்காரர்கள் நிறைந்த டெர்ரா நோவா கப்பலில் இவர் தரைப்படை ஆள். ஆகவே "சோல்ஜர்" என்று அழைத்தார்கள், "டைட்டஸ்" என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கொடுத்த வேலை மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொள்வது.

வாங்கிய குதிரை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்தக் குதிரைகள் தானமாக வந்தவை அல்ல, காசு கொடுத்து வாங்கியவை. ஆனாலும் யாரும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

குதிரை வாங்க மஞ்சூரியாவுக்குப் போனவர் செசில் மியர்ஸ். நாய் ஓட்டுவதில் கைதேர்ந்தவர், குதிரையில் அல்ல. அவர் அங்கே பேரம் பேசிக்கொண்டிருந்த மாதங்களில் ஓட்ஸ் கப்பலில் பாய்மரக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, குதிரைகள் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு. அண்டார்க்டிகப் பயணி ஷாக்கிள்டனின் முந்தைய பயணத்தில் கறுப்பு நிறக் குதிரைகள் முதலில் செத்தன என்பதுதான் காரணம். சந்தையில் வெள்ளைக் குதிரை மட்டும் வேண்டும் என்று ஒருவன் கேட்டால் வியாபாரி என்ன செய்வான்? கையில் இருக்கும் கிழட்டு வெள்ளையை எல்லாம் அவன் தலையில் கட்டுவான்.

பத்தொன்பது குதிரைகள் நியூசிலாந்து வந்தன. ஓட்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பு எழுதினார். ஒன்றுக்கு முட்டி தட்டுகிறது, கண்ணும் சரியில்லை. ஒன்றுக்குக் குளம்பில் வெடிப்பு. ஒன்று நொண்டுகிறது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல்: வயதானது. பின்னங்காலில் எலும்புப் புடைப்பு உள்ள நாபி என்ற குதிரையைப் பற்றி எழுதும்போது, "நம்மிடம் இருப்பதில் இதுதான் சிறந்தது" என்று சேர்த்திருந்தார்.

தீனியும் போதாது என்று தோன்ற, சொந்தக் காசில் இரண்டு டன் கூடுதலாக வாங்கி ஏற்றினார். டிசம்பர் 1910-ல் தென்கடல் புயலில் கப்பல் மூழ்கப்பார்த்தபோது மணிக்கணக்கில் குதிரைகளோடு நின்று, சரிந்தவற்றைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு செத்தன, பதினேழு கரையேறின.

பிப்ரவரி 17

திட்டம் எளிது. துருவத்துக்குப் போவது 1911 நவம்பரில். அதற்கு முந்தைய கோடையிலேயே வழியில் உணவும் எரிபொருளும் புதைத்துவைக்கவேண்டும். முக்கியக் கிடங்கு தென் அட்சம் 80 டிகிரியில். ஏறத்தாழ ஒரு டன் சாமான் என்பதால் அதன் பெயரே "ஒரு டன் கிடங்கு".

ஜனவரி கடைசியில் எட்டுக் குதிரைகளோடு கிளம்பினார்கள். பனித்தட்டின் மேல்பரப்பு பல இடங்களில் மிருது. நாய் மிதந்து போகும், குதிரை வயிறுவரை புதையும். குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், வியர்வை தோலிலேயே உறையும். நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை, நாக்கால் மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றும். பாதி வழியில் பலவீனமான மூன்றைத் திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் ஐந்து. அவையும் தள்ளாடின.

அப்போதுதான் ஓட்ஸ் தன் யோசனையைச் சொன்னார். இந்தக் குதிரைகள் எப்படியும் தேறாது. முடிந்தவரை தெற்கே ஓட்டுவோம். விழும் இடத்தில் கொன்று இறைச்சியை அங்கேயே புதைப்போம். அடுத்த வருடம் நாய்க்கும் மனிதனுக்கும் உதவும். கேட்கக் கொடூரமாக இருக்கிறது. லாயத்தில் ராத்திரி பகலாகக் கிடந்து அந்தக் குதிரைகளை வளர்த்தவரே அதைச் சொன்னார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஸ்காட் மறுத்தார். விலங்குகளை வதைத்தது போதும், சில நாள் நடைக்காக என் மனதுக்கு விரோதமாக நடக்கமாட்டேன் என்பது அவர் பதில். "ஐயா, என் பேச்சைக் கேட்காததற்குப் பின்னால் வருந்துவீர்கள்" என்று ஓட்ஸ் சொன்னதாக உடனிருந்தவர்கள் மூலம் நமக்கு வந்திருக்கிறது.

கிடங்கு 79 டிகிரி 29 நிமிடத்தில் அமைந்தது. திட்டமிட்ட இடத்துக்கு 31 கடல் மைல் வடக்கே, அதாவது சுமார் 57 கிலோமீட்டர் குறைவு.

காப்பாற்றிய குதிரைகள் என்ன ஆயின? திருப்பி அனுப்பிய மூன்றில் இரண்டு வழியிலேயே செத்தன. முன்னே போன ஐந்தில் ஒன்று திரும்பும் வழியில் விழுந்தது. மிச்ச நான்கைக் குழுவைச் சேர்ந்த பவர்ஸ், செர்ரி-கரார்ட், கிரீன் மூவரும் கடல்பனி வழியாக ஓட்டிவந்தபோது இரவில் பனி உடைந்தது. விடிந்து பார்த்தால் குதிரைகளும் ஆட்களும் மிதக்கும் பனித்துண்டின் மேல், சுற்றிலும் ஓர்க்கா திமிங்கிலங்கள். மூன்று குதிரைகள் போயின. தண்ணீரில் விழுந்து எழமுடியாத பஞ்ச் என்ற குதிரையை ஓட்ஸே பனிக்கோடரியால் அடித்துக் கொல்லவேண்டியிருந்தது. எட்டில் ஆறு அழிந்தன. ஒரு துண்டு இறைச்சிகூடத் தெற்கே போய்ச் சேரவில்லை.

ஆக, இரக்கத்தால் குதிரைகளும் பிழைக்கவில்லை, கிடங்கும் 80 டிகிரிவரை தெற்கே போகவில்லை. ஸ்காட்டைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். விலங்கு துடிப்பதைப் பார்க்கச் சகிக்காத மனிதர் அவர். ஆனால் விலங்கைத் திட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு, அது சாகும் கட்டத்தைத் திட்டத்தில் எழுத மறுப்பது என்ன நியாயம்? அதே மாதங்களில் மறுபக்கம், துருவத்துக்குப் போட்டியாக வந்த நார்வேக்காரர் அமுன்ட்சென் 80, 81, 82 டிகிரிகளில் கிடங்கு வைத்தார். எந்த நாயை எந்தக் கட்டத்தில் கொல்வது என்று முன்பே கணக்கும் போட்டுவைத்திருந்தார்.

ஓட்ஸின் பங்கு

இங்கே நிறுத்தினால் ஓட்ஸ் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். அப்படியும் இல்லை.

குதிரைக் குளம்பில் மாட்டப் பனிக்காலணிகள் கொண்டுவந்திருந்தார்கள். அகன்ற வட்டமான பின்னல். மாட்டினால் குதிரை புதையாது. ஓட்ஸுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. கிடங்குப் பயணத்துக்கு ஒரே ஒரு ஜோடி மட்டும் வந்தது. திக்கித் திணறிய ஒரு குதிரைக்கு அதை மாட்டிப் பார்த்தார்கள். அது அலட்டிக்கொள்ளாமல் நடந்தது. மற்றவை முகாமிலேயே கிடந்தன. எடுத்துவர ஆள் அனுப்பியபோது நடுவில் இருந்த கடல்பனி உடைந்து போயிருந்தது. எல்லாக் குதிரைக்கும் அது இருந்திருந்தால் 80 டிகிரி எட்டியிருக்கலாம். ஸ்காட்டின் பிடிவாதத்தைப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அவருடைய வாய். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், ஸ்காட்டைத் தனக்கு அறவே பிடிக்கவில்லை, அவர் நேர்மையானவர் அல்ல, தான் முதலில் மற்றவர்கள் அப்புறம் என்று நடப்பவர் என்றெல்லாம் கொட்டியிருக்கிறார். நேரில்? ஒரு முறை சொல்வார். மறுத்தால் கட்டளைக்குப் பணிந்துவிடுவார். படையில் ஊறிய பழக்கம் அது. போர்க்களத்தில் அது பலம். ஐந்து பேர் உயிர் ஒரு யோசனையில் தொங்கும்போது அது பலமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நவம்பர் முதல் ஜனவரி வரை

பத்துக் குதிரைகளோடு 1911 நவம்பர் 1-ல் துருவப் பயணம் தொடங்கியது. ஓட்ஸ் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது யாராலும் அடக்கமுடியாத கிறிஸ்டஃபரை. ஒரு காலை மடக்கிக் கட்டிக் கீழே தள்ளினால்தான் வண்டியில் பூட்டமுடியும், பூட்டியபின் நிறுத்தமுடியாது. அதனால் அதன் நாள் நடையில் மதிய இடைவேளையே கிடையாது. டிசம்பர் 9-ல் பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் கடைசி ஐந்து குதிரைகளையும் சுட்டார்கள். அந்தக் கிழடுகளை அவ்வளவு தூரம் நடக்கவைத்ததற்குக் குழுவின் மருத்துவர் வில்சன் ஓட்ஸைப் பாராட்டினார். ஸ்காட் நன்றி சொன்னார்.

குதிரை முடிந்தது, குதிரைக்காரரின் வேலையும் முடிந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஜனவரி 3-ல் ஸ்காட் துருவத்துக்குத் தேர்ந்த கடைசி ஐவரில் ஓட்ஸ் இருந்தார். உணவும் கூடாரமும் நால்வர் கணக்கில் இருக்க, ஐந்தாவதாக ஓர் ஆள் சேர்ந்ததை வல்லுநர்கள் இன்றும் விமர்சிக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஹட் பாயின்ட் முகாமை விட்டதிலிருந்து கால் ஈரமாகவே இருக்கிறது, கடினப் பனியில் நடந்து புண்ணாகிவிட்டது என்று டிசம்பரிலேயே ஓட்ஸ் தன் டயரியில் எழுதியிருந்தார். ஸ்காட்டிடம் சொல்லவில்லை. தன் படைப்பிரிவின் பெயர் துருவம்வரை போகவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது.

1912 ஜனவரி 17. துருவம். ஒரு மாதத்துக்கு முன்பே, டிசம்பர் 14-ல், அமுன்ட்சென் வந்துபோயிருந்தார்.

திரும்பும் வழி

பிப்ரவரி 17-ல் ஐவரில் ஒருவரான எட்கர் எவன்ஸ் இறந்தார். கிடங்கு வைத்து சரியாக ஒரு வருடம்.

மார்ச் 2-ல் ஓட்ஸ் தன் காலைக் காட்டினார். கால்விரல்கள் மிக மோசம் என்று ஸ்காட் எழுதுகிறார். அதே நாளில் கிடங்கில் மண்ணெண்ணெயும் குறைவாக இருந்தது. டின்களின் தோல் வாஷர்கள் குளிரில் சுருங்கி எண்ணெய் கசிந்திருந்தது. எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்கித் தண்ணீர் இல்லை, ஈரக் காலணியை உலர்த்தவும் வழியில்லை. வெப்பநிலை மைனஸ் நாற்பதைத் தொட்டது. அந்த மார்ச் வழக்கத்தைவிடக் குளிர் மிகுந்தது என்று பிந்தைய வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எல்லாப் பழியையும் 31 மைல் மேல் போடுவது நியாயமல்ல. ஆனால் கிடங்கு என்பதே நாள் மோசமாக இருக்கும்போது கைகொடுக்கத்தானே?

மார்ச் 6: ஓட்ஸால் இழுக்கமுடியவில்லை, மற்றவர்கள் தடம் தேடும்போது சறுக்குவண்டி மேல் உட்கார்ந்துவிடுகிறார். மார்ச் 8: இடதுகால் இனித் தாங்காது, காலையில் காலணி மாட்டுவதற்கே நேரமெல்லாம் போய்விடுகிறது. இடதுகால் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். தோட்டா துளைத்ததும் இடது தொடைதான். வைட்டமின் சி குறைவதால் வரும் ஸ்கர்வி நோய் வந்தால் பழைய தழும்புகளே இளகி மறுபடி புண்ணாகும் என்பது மருத்துவ உண்மை. பதினோரு வருடத்துக்கு முந்தைய அபர்டீன் அந்தக் கூடாரத்துக்குள் மறுபடி வந்ததாகச் சிலர் கருதுகிறார்கள். ஸ்காட் டயரியில் அப்படி ஒரு வரி இல்லை. பனிக்கடி மட்டுமே இருக்கிறது.

மார்ச் 10: தனக்கு வாய்ப்பு உண்டா என்று ஓட்ஸ் வில்சனைக் கேட்டார். மருத்துவரான வில்சன், தெரியவில்லை என்றார். உண்மையில் இல்லை என்று ஸ்காட் தனியாக எழுதிவைத்தார். மறுநாள் ஆளுக்கு முப்பது ஓபியம் மாத்திரைகளை வில்சன் பகிர்ந்துகொடுக்கவேண்டியதாயிற்று, ஸ்காட்டின் கட்டளைப்படி.

அதே மார்ச் 10-ல் ஒரு டன் கிடங்கில் என்ன நடந்தது? செர்ரி-கரார்டும், ரஷ்ய நாயோட்டி டிமிட்ரி கிரெவும் நாய்களோடு அங்கே வந்து ஆறு நாள் காத்திருந்தார்கள். அவற்றில் நான்கு நாள் பனிப்புயல். நாய்த் தீனி தீர்ந்துகொண்டிருந்தது. நாய்களை ஆபத்துக்கு உள்ளாக்காதே என்று முன்பே உத்தரவு. அன்று காலை அவர்கள் வடக்கே திரும்பினார்கள். கிடங்கு 80 டிகிரியில் இருந்திருந்தால் அவர்கள் காத்திருந்த இடமும் அங்கேதான் இருந்திருக்கும், 31 மைல் தெற்கே. செர்ரி-கரார்ட் வாழ்நாள் முழுக்க அந்த ஆறு நாளை நினைத்து நொந்துகொண்டிருந்தார்.

மார்ச் 15 வாக்கில், என்னைத் தூங்குபையில் வைத்து விட்டுவிட்டுப் போங்கள் என்றார் ஓட்ஸ். மற்றவர்கள் கேட்கவில்லை, இன்னும் சில மைல் நடக்கவைத்தார்கள். அன்றிரவு விழிக்காமலே போய்விடவேண்டும் என்று படுத்தார். விழித்தார். வெளியே பனிப்புயல். ஸ்காட்டுக்கு அந்நேரம் தேதியே குழம்பிவிட்டது: 16 வெள்ளியோ 17 சனியோ என்று எழுதுகிறார். 17 என்றால் அது ஓட்ஸின் முப்பத்திரண்டாவது பிறந்தநாள்.

அவர் எழுந்து போனதை மூவரும் தடுக்கப் பார்த்தார்கள். இது ஒரு வீரனின், ஆங்கிலப் பெருமகனின் செயல் என்று ஸ்காட் எழுதினார். உதவியதா? மூவரும் மேலும் சில நாள் நடந்தார்கள். ஒரு டன் கிடங்குக்கு 11 கடல் மைல் தெற்கே கடைசிக் கூடாரம். உணவு இரண்டு நாளைக்கு, எரிபொருள் அதற்கும் குறைவு, புயல் ஓயவில்லை. ஸ்காட்டின் கடைசிப் பதிவு மார்ச் 29. 80 டிகிரி என்ற இடத்தைத் தாண்டி வடக்கே 20 மைல் வந்தபின் இறந்திருக்கிறார்கள்.

ஓட்ஸ் ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அறைக்குள் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அது. கால் அழுகிய ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு மனமில்லை.

கோவேறு கழுதைகள்

இரண்டாம் வருடத்துக்குக் குதிரை வேண்டாம், இந்தியப் படையின் கோவேறு கழுதைகளை வரவழைக்கலாம் என்பதும் ஓட்ஸ் சொன்ன யோசனைதான். அதை ஸ்காட் ஏற்று இந்திய அரசுக்கு எழுதினார். இமயமலைப் பக்கம் பழக்கிய ஏழு கழுதைகள் 1912 தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கின: லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். அண்டார்க்டிகாவில் இந்தப் பெயர்களைக் கூப்பிட்டபடி ஆங்கிலேயர்கள் நடந்தார்கள் என்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. கொடுத்த தீனியை ஒதுக்கிவிட்டுத் தேயிலைச் சக்கையையும் கயிற்றையும் தின்றனவாம்.

அக்டோபர் கடைசியில் தேடும் குழு அந்தக் கழுதைகளோடு கிளம்பியது. நவம்பர் 12-ல் கூடாரத்தின் உச்சியைக் கண்டார்கள். மூன்று உடல்கள், டயரிகள், கடைசிவரை தூக்கிவந்த 35 பவுண்டு பாறைத் துண்டுகள். பிறகு ஓட்ஸைத் தேடித் தெற்கே போனார்கள். உடல் கிடைக்கவில்லை. ஒரு பனிமேடு எழுப்பிச் சிலுவை நட்டு, தன் தோழர்களைக் காப்பாற்ற முயன்று பனிப்புயலில் தானாகவே நடந்து போன இன்னிஸ்கில்லிங் டிராகூன்ஸ் கேப்டன் ஓட்ஸ் இந்தப் பக்கத்தில் இறந்தார் என்று எழுதிவைத்தார்கள்.

இங்கிலாந்தில் அம்மா கரோலைன் பயணத்தில் போய்வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். மகன் சாவுக்கு ஸ்காட்டே பொறுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கெஸ்டிங்தார்ப் தேவாலயத்தில் மகன் நினைவாகப் பதித்த பித்தளைத் தகட்டை வாரம் தவறாமல் தன் கையால் துலக்கினார், சாகும்வரை.

தேடும் குழுவுக்குப் பனியில் கிடைத்தது ஓட்ஸின் தூங்குபை. உள்ளே கோணம் அளக்கும் ஒரு தியோடலைட் கருவி, காலுறைகள், கலைமான் தோல் காலணிகள். ஒரு காலணியின் முன்பக்கம் கீழ்வரை கத்தியால் கீறிப் பிளந்திருந்தது, வீங்கிய கால் நுழைவதற்காக. காலைதோறும் அத்தனை நேரத்தைத் தின்ற காலணி அதுதான். கடைசிக் காலையில் அதை மாட்டிக்கொள்ள அவர் முயலவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.